ஒளி எங்கிருந்து வருகிறது?

புதுக்கடைச் சந்தியிற் காலை எட்டரை மணிக்கு நிற்பவருடைய கண்ணில் முதலிற் படுவன கறுப்பும் வெள்ளையுமே. கறுப்பு மேலங்கி அணிந்த சட்டத்தரணிகள், வெள்ளைச் சேலை உடுத்துக் கறுப்பங்கியைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு விரைந்து செல்லும் பெண் சட்டத்தரணிகள், வெள்ளைத் தாளிற் கறுப்பெழுத்தில் அடித்த மனுக்களைக் கட்டுக்கட்டாகச் சுமந்து செல்லும் எழுதுவினைஞர்கள். 1656 இல் நிகழ்ந்த கொழும்பு முற்றுகையில் உயிர்துறந்த ஹுல்ஃப்ட் என்ற ஒல்லாந்தத் தளபதியின் பெயர் ஆங்கிலத்தில் இந்த இடத்துக்கு நிலைத்துவிட்டது. தமிழரும் சிங்களவரும் ஒரே பொருள்படப் 'புதுக்கடை' என்றும் 'அளுத்கடே' என்றும் வழங்குகின்றனர். நீதவான் நீதிமன்றம் முதல் உயர் நீதிமன்றம் வரை இங்கே உண்டு. குற்றவாளி, குற்றவாளி அல்லர் என்ற இரண்டிலொரு சொல்லைக் கேட்பதற்காக ஏழை மக்கள் நாள்தோறும் இங்கு வந்து மணிக்கணக்கிற் காத்துக் கிடக்கின்றனர்.

இந்தச் சந்தியைக் கடந்து பாடசாலைக்குச் செல்பவன் நான். தீர்ப்பு இரண்டிலொன்றாக இருக்கவேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஒருவனைப் 'பாதிக் குற்றவாளி' என்று சொல்லிப் பாதிச் சிறையில் அடைத்தல் இயலாது. ஆனால், தீர்ப்புக் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கின்றமையால், தீர்ப்புக்கு முந்திய பார்வையும் அவ்வாறே இருத்தல் வேண்டுமா? மனிதரையும் நிகழ்ச்சிகளையும் அவற்றின் இடைநிறங்களோடு காண முயல்பவன் நியாயத்துக்கு அண்மையிற் செல்கின்றானா, அல்லது நியாயத்தைக் குழப்பி, எப்பக்கமும் சேராது தப்பித்துக்கொள்கின்றானா? சமூக மாற்றத்தில் நம்பிக்கை வைத்த நம்மவரிடையே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு இது. இக்கேள்வி எனக்குத் தத்துவ நூலிலிருந்து வரவில்லை. பென்சிலும் றப்பரும் ஒரு தாளும் கொண்டு நடத்திய சித்திரப் பாடத்திலிருந்து வந்தது.

சித்திர ஆசிரியரின் இடம் வெறுமையாயிருந்த ஒரு தவணையில், ஒன்பதாந் தரத்தின் சித்திரப் பாடவேளை தமிழாசிரியனாகிய என் தலையில் விழுந்தது. நான் கோடு கிழிக்கவும் அறியாதவன். ஆகவே, பிள்ளைகளோடு பிள்ளையாக நானும் கற்பதென்று முடிவு செய்தேன். முதல் வாரம், வீட்டிலுள்ள ஒருவரின் முகத்தைப் பார்த்து வரைந்துவருமாறு சொன்னேன். ஒரு மாணாக்கன் தன் தாயை வரைந்து வந்திருந்தான். தாய் நகரத் துப்புரவுத் தொழிலாளி. கூந்தலை நன்றாகத் தீட்டியிருந்தான். சேலையின் மடிப்புகள், காதிலிருந்த சிறு தோடு, பின்னாலிருந்த தகரச் சுவர் யாவற்றிலும் பென்சில் உழைத்திருந்தது. முகம் மட்டும் வெறுந் தாளாக இருந்தது. கண்ணும் மூக்கும் வாயும் அந்த வெண்மையின் நடுவே மிதந்தன.

"முகத்தை ஏன் இப்படி விட்டுவிட்டாய்?" என்று கேட்டேன்.

"அம்மா கறுப்பு, சேர். பென்சில் போட்டால் இன்னும் கறுப்பாகிவிடுவா" என்றான்.

வகுப்புச் சிரித்தது. முன்வரிசைப் பிள்ளை ஒன்று, "ஸ்கின் கலர் இருந்தால் அடிக்கலாம், சேர்" என்று உதவிக்கு வந்தது. வண்ணப் பெட்டியில் இருக்கும் இளஞ்சிவப்புத் துண்டுக்கு நம் பிள்ளைகள் வழங்கும் பெயர் அது. அந்த வகுப்பிலிருந்த முப்பத்தைந்து பிள்ளைகளில் ஒருவருடைய தோலும் அந்த நிறமுடையதன்று. எனினும் தோலின் நிறம் அதுவென்பதில் ஒருவருக்கும் ஐயம் இருக்கவில்லை. எனக்குச் சொல்வதற்கு விடை ஒன்றும் வரவில்லை. மணி அடித்து என்னைக் காப்பாற்றியது.

அடுத்த வாரம் முழுவதும் கருவிகளைப் பற்றியே பேசினோம். வரைபவன் தன் கையில் இருப்பது இன்னதென்று அறிந்திருத்தல் நல்லதன்றோ? பென்சிலின் உள்ளீட்டை நாம் காரீயம் என்கிறோம். ஈயத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஐரோப்பியரும் அதனைக் கறுப்பு ஈயம் என்றே நம்பியிருந்தனர். அது கரியின் ஒரு வடிவம் என்பதை 1779 இல் ஷீலே என்ற இரசாயன அறிஞர் காட்டினார். எழுதுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து கிரபைற் என்ற பெயரை 1789 இல் வேர்னர் என்பார் அமைத்தார். பிழை திருத்தப்பட்டு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் பழைய பெயர் நம் நாவில் நிலைத்திருக்கிறது. ஒரு பொருளுக்கு இட்ட தவறான பெயர் எவ்வளவு காலம் வாழும் என்பதற்கு இதுவே போதிய சான்று. ஸ்கின் கலர் என்ற பெயரைப் பற்றியும் பிள்ளைகள் அப்போதே சிந்திக்கத் தொடங்கினர்.

இங்கிலாந்தின் வடபகுதியில், பொரோடேல் என்ற இடத்தில், தூய காரீயம் பதினாறாம் நூற்றாண்டிலேயே கண்டெடுக்கப்பட்டது. ஆடுகளுக்குக் குறியிட அதனை இடையர் பயன்படுத்தினர். அதன் விலை ஏறியதும் காவல் வந்தது. காவலின் பின் சட்டமும் வந்தது. 1752 இல் ஆங்கிலப் பாராளுமன்றம் அங்கிருந்து காரீயம் திருடுவதைக் கடூழியத்துக்கும் நாடுகடத்தலுக்கும் உரிய குற்றமாக்கியது. ஆடு மேய்ப்பவன் குனிந்து எடுத்த கல் ஒருநாட் குற்றப் பொருளாயிற்று. இன்று நாம் பயன்படுத்தும் பென்சிலோ பிரெஞ்சுப் புரட்சியின் பிள்ளை. இங்கிலாந்தோடு போர் மூண்டு காரீயம் வராதொழிந்தபோது, கொந்தே என்பவர், கிடைத்த மட்டமான காரீயத் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சூளையிற் சுட்டு எழுதுகோலாக்கினார். 1795 இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். களிமண் கூடினாற் பென்சில் கடினமாகி வெளிறிய கோட்டைத் தரும். அதுவே எச் வரிசை. காரீயம் கூடினால் மென்மையாகிக் கருமை தரும். அது பி வரிசை. எச்பி இரண்டுக்கும் நடுவிலுள்ளது. கடைகளில் பன்னிரண்டு பென்சில் கொண்ட பெட்டியைக் கண்டு ஏழைப் பிள்ளை ஏங்கவேண்டியதில்லை. எச்பி ஒன்றையும் 4பி ஒன்றையும் வைத்துக்கொண்டு, அழுத்தத்தை மாற்றியும் கோட்டின் மேற் கோடு அடுக்கியும் வேண்டிய நிறங்களில் பெரும்பாலானவற்றைப் பெற்றுவிடலாம். தாள் மட்டும் மிக வழவழப்பாக இருத்தல் ஆகாது. தாளின் நுண்ணிய சொரசொரப்பே காரீயத்தைப் பற்றிப் பிடிப்பது.

காரீயத்துக்கும் கொழும்புக்கும் நெருங்கிய உறவுண்டு. பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாக ஓடும் தூய காரீயத்தை வணிக அளவில் தருவது இலங்கை ஒன்றே. கேகாலை மாவட்டத்திற் போகல, குருநாகல் மாவட்டத்திற் கஹடகஹ ஆகிய சுரங்கங்கள் பெயர்பெற்றவை. சிங்களத்தில் அதற்கு மினிரன் என்று பெயர். இங்கிருந்து ஏற்றுமதியான காரீயத்திற் பெரும்பகுதி பென்சிலுக்குச் செல்லவில்லை. உருக்கு முதலிய உலோகங்களைக் காய்ச்சும் மூசைகளுக்கே சென்றது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஏற்றுமதி உச்சத்தை எட்டி ஆண்டுக்கு 30,000 தொன்னையும் தாண்டியது. போருக்கு ஆயுதம் வார்க்க மூசை தேவைப்பட்டது, அவ்வளவே. கொழும்பின் காரீயக் களங்களில் பெண்கள் குந்தியிருந்து அதனைக் கழுவியும் தேய்த்தும் தரம்பிரித்தும் கொடுத்தனர். அக்காலத்தில் எடுத்த நிழற்படங்களில் அவர்களைக் காணலாம். முகமும் கையும் சேலையும் ஒரே கருமையாய் மின்னும். சுரங்கத்துக்கு உரியோர் சிலர் நாட்டின் பெருங்குடும்பத்தார் ஆயினர். சுதந்திர இலங்கையின் முதற் பிரதமரான டி. எஸ். சேனநாயக்காவின் தந்தையார் அவர்களுள் ஒருவர். கழுவிய பெண்களின் பெயர்களோ எங்கும் எழுதப்படவில்லை. எழுதும் பொருளையே கையால் அளைந்தவர்களைப் பற்றி எழுத ஒரு வரியும் செலவாகவில்லை.

றப்பரின் கதையும் இதனைச் சேர்ந்ததே. முன்னாளிற் பாணின் உள்மாவைப் பிசைந்து கோட்டை அழித்தனர். தென்னமெரிக்க மரப்பால் அதனினும் நன்றாகத் தேய்த்தழிக்கும் என்று 1770 இல் பிறீஸ்ற்லி குறித்தார். ஆங்கிலத்தில் அப்பொருளின் பெயரே தேய்ப்பது என்ற கருத்தில் எழுந்தது. பிரேசில் நாட்டு விதையிலிருந்து முளைத்த கன்றுகள் 1876 இல் இலங்கைக்கு வந்தன. பின்னர் தோட்டங்கள் எழுந்தன, அதிகாலையிற் பால்வெட்டும் கைகளும் வந்தன. இக்காலத்து அழிறப்பர்களிற் பல செயற்கைப் பொருளால் ஆனவை எனினும், வரைபவன் பிழையைத் திருத்தும் கருவிக்குப் பின்னாலும் ஒரு தொழிலாளர் வரலாறு நிற்கிறது. இவ்வளவையும் கேட்டபின் ஒரு பிள்ளை தன் பென்சிலை மேசையிற் போடாது மெல்ல வைத்ததைக் கண்டேன்.

மூன்றாம் வாரம் ஒரு முட்டையைக் கொண்டுவந்து, சாளரத்தின் அருகே வெள்ளைத் தாளின்மேல் வைத்தோம். நிழல் தீட்டக் கற்போருக்கு முட்டையைப் போல ஆசான் இல்லை. அதற்குமுன் ஒரு பயிற்சி உண்டு. ஒன்பது கட்டங்கள் வரைந்து, முதற் கட்டத்தை வெறுந் தாளாகவும் ஒன்பதாவதை இயன்றவரை கருமையாகவும் ஆக்கி, இடையிலுள்ள ஏழையும் படிப்படியாகக் கருக்க வேண்டும். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் நாலாங் கட்டத்திலேயே முழுக் கருமையை எட்டிவிட்டனர். நானும் அப்படியே. வெள்ளைக்கு உழைப்பில்லை. கறுப்புக்கு அழுத்தம் போதும். நடுவிலுள்ள ஏழுக்குந்தான் பொறுமை வேண்டியிருக்கிறது.

பின்னர் முட்டையைச் சுற்றிப் பிள்ளைகள் கோடு கிழித்தனர். அந்தக் கோடு முட்டையில் எங்கே இருக்கிறது என்று கேட்டபோது ஒருவராலும் காட்ட முடியவில்லை. முட்டைக்கு எல்லைக்கோடு இல்லை. ஒளிபட்ட பகுதி, இருண்ட பின்புலத்தைச் சந்திக்கும் இடமே விளிம்பாகத் தோன்றுகிறது. கோடு நம்முடைய முடிவு. நிழலோ பொருளின் உண்மை. நிழலிடும் முறையை மேனாட்டார் தந்த கொடை என்று எண்ணவேண்டியதில்லை. விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரம் இலைநரம்பு போன்ற கோடுகள், நுண்கோடுகள், புள்ளிகள் என நிழலிடும் முறைகள் மூன்றினைக் கூறுகிறது. இன்றைய சித்திர வகுப்பிற் கற்பிப்பனவும் பெரும்பாலும் இவையே. விரலால் தேய்த்து மழுப்புவது மட்டும் தொடக்கத்திற் கூடாது. அது அறியாமையை மறைக்கும் குறுக்குவழி.

சாளரத்தின் ஒளியில் முட்டையை உற்றுப் பார்க்குந்தோறும் புதுமைகள் தோன்றின. ஒளி நேரே படும் இடத்திற் சிறு வெண்புள்ளி. அதைச் சுற்றி ஒளிப்பரப்பு. அது சரிந்து சரிந்து இடைநிறமாகி, பின் முட்டையின் மிக இருண்ட பட்டையாகிறது. வியப்பு என்னவென்றால், மிக இருண்ட இடம் விளிம்பில் இல்லை. விளிம்பை நெருங்கும்போது இருள் சிறிது தெளிகிறது. கீழே கிடக்கும் வெள்ளைத் தாளிலிருந்து தெறித்த ஒளி அங்கே படுகிறது. அதற்கப்பால் முட்டை தாளின்மேல் வீழ்த்தும் நிழல். 'வெள்ளை' முட்டையை வரைவதற்குப் பிள்ளைகள் ஒன்பது நிறங்களையும் பயன்படுத்த வேண்டியதாயிற்று. அடுத்தாற்போல் தவிட்டு நிற முட்டை ஒன்றை வைத்தோம். அதிலும் அதே வெண்புள்ளி இருந்தது. அதே ஒளிப்பரப்பும் இருந்தது. அப்போதுதான் எனக்கும் அந்தப் பையனுக்கும் ஒருங்கே விளங்கியது: பொருளின் நிறம் வேறு, அதன்மேல் விழும் ஒளி வேறு. கரியவளான தாயின் நெற்றியிலும் ஒளி நிற்கும். வெளிறியவனுடைய கழுத்தடியிலும் இருள் கிடக்கும். நிழலிடுதல் ஒருவரைக் கறுப்பாக்குவதன்று. அவர் தட்டையான உருவம் அல்லர், கன அளவுடைய மனிதர் என்று காட்டுவது. முகத்தை வெறுந் தாளாக விட்ட அந்தப் பிள்ளை தாயை அழகாக்கவில்லை. அவளை அங்கிருந்து அகற்றியிருந்தான்.

அவனுக்கு அதைக் கற்பித்தவர் யார் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். விளம்பரங்களும் திரைப்படங்களும் வெளிறவைக்கும் களிம்புகளும் என்று விடை சொல்வது எளிது. ஆனால், வாணிவிழா நாடகத்துக்கு ஆண்டுதோறும் பாத்திரம் தெரிந்தவன் நான். சீதைக்கும் கலைமகளுக்கும் நான் எடுத்த பிள்ளைகளின் நிறத்தையும், தாடகைக்கும் யமதூதனுக்கும் எடுத்த பிள்ளைகளின் நிறத்தையும் எண்ணிப் பார்த்தேன். எண்ணிப் பார்க்கவே வெட்கமாயிருந்தது. அந்தப் பையனையே இரண்டு ஆண்டு அடுத்தடுத்து யமதூதன் ஆக்கியிருந்தேன். சங்கப் பாடல்களில் மாமை என்பது மாந்தளிரின் ஒளிகொண்ட கருமேனி அழகு என்றும், காதலனைப் பிரிந்த தலைவி அதை இழந்து வெளிறுவதே பசலை என்னும் நோய் என்றும் வகுப்பிற் பலமுறை விளக்கியவனும் நானே. நூலில் மாமையைப் போற்றி, மேடையில் அதனைப் பழித்தேன். அமெரிக்கக் கிறயோலாக் கம்பனி 'தசை நிறம்' என்று தான் விற்ற வண்ணத்துண்டின் பெயரை 1962 இல் 'பீச்' பழத்தின் பெயராக மாற்றிக்கொண்டது. கம்பனி மாற்றிய பெயரை எங்கள் வகுப்பறை மாற்றவில்லை.

இதுவரை சொன்னதை ஒப்புக்கொள்வோரும் ஓரிடத்தில் என்னை மறித்தல் கூடும். தொழிற்சங்கத்திற் பல்லாண்டு உழைத்த நண்பரொருவர் மறித்தார். "தோலின் நிறத்தைப் பற்றி நீர் சொல்வது சரி. ஆனால் இடைநிறங்களைப் போற்றத் தொடங்கினால் அது எங்கே முடியும்? சாம்பல் நிறம் நடுத்தர வர்க்கத்தின் நிறம். சுரண்டுபவனையும் சுரண்டப்படுபவனையும் ஒன்றாய்க் குழைத்துப் பூசும் நிறம் அது. முதலாளிக்கும் நல்ல மனம் உண்டு, தொழிலாளியிடமும் குடி உண்டு என்று எழுதியே ஒரு தலைமுறை எழுத்தாளர் தப்பித்துக்கொண்டார்கள்" என்றார். நண்பரின் சொல்லில் உண்மை இருக்கிறது. அத்தகைய எழுத்தை நாம் நிறையவே படித்திருக்கிறோம்.

ஆனால், நண்பர் குற்றஞ் சாட்டியது நிழலிடுதலை அன்று, நிழலிடத் தெரியாமையை. சித்திர வகுப்பில் அதற்கு நேரான காட்சி ஒன்று உண்டு. முட்டையை வரையுமுன் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, 'ஒளி எங்கிருந்து வருகிறது?' என்பதே. அதனைத் தீர்மானியாமற் சில பிள்ளைகள் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று எல்லாப் பக்கமும் கருக்கினர். கிடைத்தது முட்டையன்று, அழுக்குப் பந்து. எங்கும் ஒரே சாம்பல் என்றால் வடிவமே இல்லை. நடுநிலை என்று பலர் போற்றுவது இந்த அழுக்குப் பந்தைத்தான். மறுபக்கத்தில், கறுப்பும் வெள்ளையுமாக வெட்டி ஒட்டியது தட்டையான பொம்மை. அதைச் சுற்றிவந்து பார்க்க ஒன்றுமில்லை. ஒளி வரும் திசை ஒன்றே என்று துணிந்தபின் படிப்படியாகக் கருக்குபவனுக்கே வடிவம் வசப்படும். அந்தத் துணிவு பக்கச்சார்பு என்றால், பக்கச்சார்பின்றிச் சித்திரமே இல்லை. படிப்படியாகக் கருக்கும் பொறுமை தயக்கம் என்றால், தயக்கமின்றி உண்மையும் இல்லை.

கேத்தே கொல்விற்ஸ் என்ற யேர்மானிய ஓவியப் பெண்மணி, 1844 இல் சிலேசிய நெசவாளர் கிளர்ந்தெழுந்த வரலாற்றை 1893 முதல் 1897 வரை உழைத்துப் படத் தொடராக்கினார். இருளிலிருந்து முகங்கள் எழும் படங்கள் அவை. அங்கே நெசவாளி வீரச் சிலையாக நிற்கவில்லை. சோர்வும் பசியும் அச்சமும் அவன் முகத்தில் உண்டு. 1898 இல் நடுவர்கள் அதற்குப் பதக்கம் அளிக்கப் பரிந்துரைத்தபோது யேர்மன் பேரரசர் மறுத்துவிட்டார். அந்த இடைநிறங்கள் எப்பக்கத்துக்கு உரியவை என்பதைப் பேரரசர் நம் நண்பரினும் தெளிவாக உணர்ந்திருந்தார். 1943 இல் வங்கப் பஞ்சத்தின்போது ஸைனுல் ஆபெதீன் கரியைப் பொடித்துத் தாமே மை செய்து, பொதிகட்டும் மலிவுத் தாளிற் கல்கத்தாத் தெருக்களின் பசியை வரைந்தார். சித்தப்ரசாத் அதே ஆண்டில் வெளியிட்ட 'பசித்த வங்காளம்' என்ற நூலின் படிகளை ஆங்கில அரசு பறிமுதல் செய்து அழித்தது. கரித்துண்டும் பொதித்தாளும் போதுமான கருவிகளாயின, ஒளி எங்கிருந்து வருகிறது என்பதில் அவர்களுக்கு ஐயம் இருக்கவில்லை என்பதனால்.

நம் இலக்கியத்திலேயே இதற்குச் சான்றுண்டு. சிலப்பதிகாரத்துக் கோவலன் மாசற்றவன் அல்லன். மனைவியைப் பிரிந்தவன், முன்னோர் தேடிய பொருளைத் தொலைத்தவன். இளங்கோ இதனை மறைக்கவில்லை. பாண்டியனும் அரக்கனாகத் தீட்டப்படவில்லை. தவறுணர்ந்த கணத்தில் உயிர் நீத்தவன் அவன். இருவருக்கும் நிழலும் ஒளியும் உண்டு. ஆயினும், மதுரைக் கதையைப் படித்தோர் எவரும் 'இருபக்கமும் பிழைதான்' என்று நூலை மூடுவதில்லை. பொற்கொல்லனின் ஒரு சொல்லைக் கேட்டு, விசாரியாது ஓர் உயிரைப் போக்கிய அநீதி அங்கே அணுவளவும் வெளுக்கவில்லை. இரக்கத்துக்கு உரியவன் ஆவதற்குக் கோவலன் தூயவனாக இருக்கவேண்டிய தேவை இல்லை என்பதே அந்தக் காப்பியம் தரும் நியாயம். புதுக்கடை நீதிமன்ற வாசலிற் காத்திருக்கும் ஏழைக்கும் அந்த நியாயம் பொருந்தும்.

முட்டையின் இருண்ட விளிம்பில் தெறித்த ஒளியைப் பற்றிச் சொன்னேன். அதைக் கண்டுபிடித்த பிள்ளைகள் மகிழ்ச்சி மிகுதியால் அதனை மிகவும் வெளிச்சமாக்கினர். உடனே முட்டை குழிந்துபோய் இரண்டாக உடைந்ததுபோல் தோன்றியது. சித்திரத்தில் ஒரு விதி உண்டு. நிழலுக்குள் தெறிக்கும் ஒளி எவ்வளவு அழகாயினும், ஒளிப்பக்கத்தின் மிக மங்கலான இடத்தைவிடவும் பிரகாசமாக இருத்தல் ஆகாது. அது நிழலின் பகுதி, ஒளியின் பகுதியன்று.

இந்த விதியைச் சொல்லும்போது எனக்கு 1983 யூலை நினைவுக்கு வந்தது. நான் பிறக்குமுன் நிகழ்ந்தது அது. எனினும் கொழும்பிலே தமிழ்க் குடும்பம் எதிலும் அதன் கதை இல்லாமல் இல்லை. வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடிக் கொளுத்தினர். யூலை 25 ஆம், 27 ஆம் நாள்களில் அரசின் காவலிலிருந்த 53 தமிழ்க் கைதிகள் வெலிக்கடைச் சிறைக்குள்ளே கொல்லப்பட்டனர். அக்கொலைகளுக்காக ஒருவரும் தண்டனை பெறவில்லை. அதே நாள்களிற் சிங்கள அயலவர் பலர் தம் உயிரையும் பொருட்படுத்தாது தமிழரைத் தம் வீடுகளில் ஒளித்து வைத்துக் காத்தனர். அந்த இருளில் தெறித்த ஒளி அது. அதனை வரையாது விடுவோன் பொய்யன். அவன் ஓர் இனத்தையே கறுப்பு மையால் அப்புகிறான். ஆனால், அந்த அயலவரின் அன்பை எடுத்துக் காட்டி, 'ஆகவே நடந்தது அவ்வளவு கொடிதன்று' என்போன் தெறித்த ஒளியை ஞாயிறாக்குகிறான். அவர்கள் கதவைத் திறந்ததற்குக் காரணமே வெளியே எரிந்த தீ. அந்தத் தீயை மறைத்தால் அவர்களுடைய துணிவுக்கும் பொருளில்லாமற் போகும்.

இதே விதி நம் பக்கத்துக்கும் உண்டு. புதுக்கடையில் என் பிள்ளைகளின் அயலவரிற் பலர் முஸ்லிம்கள். 1990 ஒற்றோபரில் வடக்கிலிருந்து 70,000 க்கு மேற்பட்ட முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தாருக்கு இரண்டு மணி நேரமே கொடுக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட இனத்தின் பெயராலேயே அது நிகழ்ந்தது. நாம் ஒளிப்பக்கத்தில் நிற்கின்றோம் என்று துணிந்துவிட்டால் நமக்கு நிழல் இல்லையென்று ஆகிவிடாது. ஒளி விழும் எந்தப் பொருளும் தனக்கு அப்பாலுள்ள ஒன்றின்மேல் நிழல் வீழ்த்தியே தீரும். அதனைத் தீட்டாது விடும் சித்திரத்திற் பொருள் நிலத்திற் பொருந்தாது, ஆகாயத்தில் தொங்கும். நம் விடுதலைப் பேச்சுப் பல அவ்வாறு தொங்கியதை நாம் கண்டோம்.

ஆகவே, நண்பருக்கு என் விடை இது. இடைநிறம் அறிதல் நியாயத்தை மழுங்கடிப்பதில்லை. ஒளியின் திசையை மறந்த இடைநிறமே மழுங்கடிக்கிறது. திசையை மட்டும் பிடித்துக்கொண்டு இடைநிறத்தை மறந்த நியாயமோ, பையன் விட்டுவந்த வெண்முகத்தைப் போல, மனிதரைக் காக்கப் புறப்பட்டு மனிதரை அகற்றிவிடும். இரண்டும் சேர்ந்தே கற்கப்பட வேண்டியவை. அவற்றைச் சேர்த்துக் கற்பிக்கும் பாடம் ஒன்று நம் பாடசாலைகளில் ஏற்கெனவே இருக்கிறது. பரீட்சை நெருங்கியதும் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் விட்டுக்கொடுக்கப்படும் பாடம் அது. வசதியுள்ளோரின் பிள்ளைகள் மாலையில் தனி வகுப்புக்குச் சென்று அதனைக் கற்கின்றனர். துப்புரவுத் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்த நாற்பது நிமிடமே உண்டு. அந்த நாற்பது நிமிடத்தையும் நாம் பறித்துக்கொள்ளலாகாது. ஆசிரியர் இல்லையென்றால் என்னைப்போல் அறியாதவனாவது பிள்ளைகளோடு இருந்து கற்கட்டும். செலவு, இரண்டு பென்சிலும் ஒரு முட்டையும்.

தவணை முடிவில் அந்தப் பையன் தாயின் படத்தை மறுபடியும் வரைந்து கொண்டுவந்தான். முகம் நேர்த்தியாக வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். மூக்குச் சற்றுக் கோணலாயிருந்தது. கன்னத்தில் றப்பர் பட்டுத் தாள் கிழியும் நிலைக்கு வந்திருந்தது. ஆனால் நெற்றியிலும் கன்னமேட்டிலும் தாளின் வெண்மையை விட்டு, மற்ற இடமெல்லாம் கோடு கோடாய்ப் பொறுமையோடு கருக்கியிருந்தான். வேலைக்குப் புறப்படுமுன் விடியற்காலையில், வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது வரைந்தானாம். ஒளி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"தெருவிலிருந்து, சேர்" என்றான்.

இம்முறை வகுப்புச் சிரிக்கவில்லை. இவ்வாண்டு வாணிவிழாவுக்குப் பாத்திரம் தெரியும் வேலை இன்னும் என்னிடமே இருக்கிறது.